உள்ளே நடப்பதைக் காட்டும் ஒளிப்படங்கள்



“பெட் ஸ்கேன் ஒன்று எடுத்து வாருங்கள்” என்று மருத்துவர் எழுதிக் கொடுத்ததும் ஒரு குடும்பம் அடைகின்ற கலக்கம் நம்மில் பலருக்குத் தெரிந்ததே. எக்ஸ்ரே எடுத்தாயிற்று, சி.டி. ஸ்கேன் எடுத்தாயிற்று, இரத்தமும் சோதித்தாயிற்று. இத்தனைக்கும் பிறகு இன்னொரு ஸ்கேன் எதற்கு? இது வீண் செலவா? உடம்பில் கதிரியக்க மருந்தை ஏற்றுகிறார்களாமே, அது தீங்கு செய்யாதா? ‘பெட்’ என்று எழுதினாலே புற்றுநோய் உறுதியாகிவிட்டது என்று பொருளா? புளியங்குடி, கடையநல்லூர், வாசுதேவநல்லூர் வட்டாரத்திலிருந்து மதுரைக்கோ, திருநெல்வேலிக்கோ, செங்கோட்டை வழியாக மலை தாண்டித் திருவனந்தபுரத்திற்கோ நோயாளியை அழைத்துச் செல்லும் உறவினர்கள் வழிநெடுக இக்கேள்விகளைத்தான் தமக்குள் கேட்டுக்கொண்டு செல்கின்றனர். விடை சொல்வார் அருகில் இல்லாதபோது அச்சமே விடையாகிவிடுகிறது. அவ்வச்சத்தை நீக்கவும், அதே வேளையில் அளவுக்கு மீறிய நம்பிக்கையைத் தவிர்க்கவும் இக்கட்டுரை ஓரளவேனும் உதவும் என்று நம்புகிறோம்.

உருவம் வேறு, இயக்கம் வேறு

நமது ஊரின் வரைபடம் ஒன்றைக் கையில் எடுத்துக்கொள்ளுங்கள். தெருக்கள், பள்ளிவாசல்கள், பள்ளிக்கூடம், எலுமிச்சைச் சந்தை யாவும் எங்கெங்கே உள்ளன என்பதை அது தெளிவாகக் காட்டும். ஆனால் நள்ளிரவில் எந்த வீட்டில் விளக்கு எரிகிறது, எந்த அடுப்பு புகைகிறது, எந்த வீடு பூட்டிக் கிடக்கிறது என்பதை அவ்வரைபடம் சொல்லுமா? சொல்லாது. அதற்கு வேறொரு கணக்கு வேண்டும்.

எக்ஸ்ரேயும் சி.டி. ஸ்கேனும் ஊரின் வரைபடத்தைப் போன்றவை. எலும்பின் வடிவம், நுரையீரலின் அமைப்பு, கட்டியின் பருமன் ஆகியவற்றை அவை காட்டும். ஆனால் ஒரு கட்டி உயிர்ப்புடன் வளர்கிறதா, சிகிச்சையால் செத்துத் தழும்பாகிவிட்டதா என்பதை வடிவத்தைக் கொண்டு மட்டும் அறிய இயலாது. சிறுநீரகம் பார்வைக்கு நல்ல உருவத்துடன் இருக்கலாம். அது வேலை செய்கிறதா என்பது வேறு கேள்வி. இந்த இரண்டாவது கேள்விக்கு விடை தருவனவே காமா காமிரா, பெட் ஸ்கேன் போன்றவை. உறுப்பின் உருவத்தை விட்டு அதன் செயலைப் படம் பிடிப்பது இவற்றின் சிறப்பு. இம்மருத்துவப் பிரிவுக்கு அணு மருத்துவம் என்று பெயர்.

நெடுநாளைய தேட்டம்

உடலுக்குள் நடப்பதை அறிய வேண்டும் என்ற வேட்கை மனிதனுக்குப் புதிதன்று. பொருள்களிலிருந்து வரும் ஒளி கண்ணுக்குள் புகுவதாலேயே பார்வை உண்டாகிறது என்பதைச் சோதனைகளின் துணையுடன் நிறுவியவர், பஸ்ராவில் பிறந்து கெய்ரோவில் வாழ்ந்த இப்னு அல் ஹைதம். பதினோராம் நூற்றாண்டின் முற்பகுதியில் அவர் எழுதிய ஒளியியல் நூல் பின்னர் இலத்தீன் மொழிக்குச் சென்று ஐரோப்பியருக்கும் பாடமாயிற்று. 13ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த மருத்துவ மேதை இப்னு அந்நஃபீஸ், இதயத்தின் வலப்பக்கத்து இரத்தம் நடுச்சுவரின் துளைகள் வழியாக இடப்பக்கம் செல்கிறது என்ற பழைய கொள்கையை மறுத்தார். அந்தச் சுவரில் துளைகள் இல்லை. இரத்தம் நுரையீரல் வழியாகவே இடப்பக்கம் சேர்கிறது என்று எழுதினார். எந்தக் கருவியும் இல்லாத காலத்தில் உறுப்பின் வடிவத்தைக் கொண்டு அதன் இயக்கத்தை உய்த்துணர்ந்த அறிவு அது. அவரது கையெழுத்துப் படி பெர்லின் நூலகத்தில் கிடந்ததை 1924ஆம் ஆண்டில் எகிப்திய மருத்துவர் ஒருவர் கண்டு வெளிப்படுத்தும் வரை உலகம் அவரை ஏறக்குறைய மறந்தே இருந்தது.

1895ஆம் ஆண்டு நவம்பரில் ஜெர்மானிய அறிஞர் ராண்ட்ஜன் எக்ஸ் கதிரைக் கண்டார். மறு ஆண்டே பிரான்சின் பெக்கரல் யுரேனியத்தின் கதிரியக்கத்தைக் கண்டறிந்தார். கதிரியக்கப் பொருளை ஒற்றனைப்போல் அனுப்பி மற்றொரு பொருளின் போக்கை அறியலாம் என்ற எண்ணத்தை வளர்த்தவர் அங்கேரியில் பிறந்த ஹெவிசி. இவரைப் பற்றிச் சுவையான செய்தி ஒன்று கூறப்படுவதுண்டு. இங்கிலாந்தில் அவர் தங்கியிருந்த விடுதியில், சாப்பிட்டு மீந்த இறைச்சியையே மறுநாளும் பரிமாறுகிறார்கள் என்ற ஐயம் அவருக்கு எழுந்ததாம். தட்டில் மிச்சம் வைத்த உணவில் சிறிதளவு கதிரியக்கப் பொருளைச் சேர்த்துவிட்டு, பிறகு வந்த உணவைக் கருவியால் சோதித்தார். கருவி குட்டை உடைத்துவிட்டது! இவர் 1923ஆம் ஆண்டில் அதே முறையைச் செடிகளில் கையாண்டு, வேர் உறிஞ்சும் ஈயம் எங்கெங்கே செல்கிறது என்பதைக் கணக்கிட்டார். 1943ஆம் ஆண்டுக்குரிய வேதியியல் நோபல் பரிசு இவருக்கு வழங்கப்பட்டது. இன்று உலகெங்கும் நடைபெறும் அணு மருத்துவச் சோதனைகள் அனைத்தும் ஹெவிசியின் இந்த ஒற்றன் முறையை அடிப்படையாகக் கொண்டவையே.

சர்க்கரையைப் பின்தொடரும் கருவி

நமது உடலின் உயிரணுக்களுக்குக் குளுக்கோஸ் என்னும் சர்க்கரை எரிபொருளாகும். மிகுதியாக வேலை செய்யும் அணு மிகுதியாகச் சர்க்கரையை இழுக்கும். மூளை எப்போதும் அதனை நாடும். புற்றணுக்கள் பலவும் சாதாரண அணுக்களைவிட அதிகமாகச் சர்க்கரையை விழுங்குகின்றன என்பதை ஜெர்மானிய அறிஞர் ஓட்டோ வார்பர்க் 1920களிலேயே கண்டறிந்தார்.

இதனைப் பயன்படுத்தி அறிஞர்கள் ஓர் உபாயம் செய்தனர். குளுக்கோஸைச் சற்றே மாற்றி, அதில் கதிரியக்கமுள்ள புளூரின்-18 அணுவை இணைத்தனர். எப்.டி.ஜி. என்று சுருக்கமாக வழங்கும் இம்மருந்தை உயிரணு உண்மையான சர்க்கரை என்றே எண்ணி உள்ளே இழுத்துக்கொள்ளும். ஆனால் முழுமையாக எரித்துவிட இயலாது. ஆகவே மருந்து அங்கேயே தங்கிவிடுகிறது. புளூரின்-18 அணு சிதையும்போது பாசிட்ரான் என்னும் நுண்துகளை வெளியிடுகிறது. அத்துகள் அருகிலுள்ள எலக்ட்ரானைச் சந்தித்த மாத்திரத்தில் இரண்டும் அழிந்து, எதிரெதிர்த் திசைகளில் இரண்டு காமா கதிர்கள் புறப்படுகின்றன. நோயாளியைச் சுற்றி வளையமாக அமைந்த உணர்விகள் ஒரே கணத்தில் வந்து சேரும் இக்கதிர் இணைகளைப் பதிவு செய்கின்றன. அவை எந்தப் புள்ளியிலிருந்து கிளம்பின என்பதைக் கணிப்பொறி கணக்கிட்டுப் படமாக வரைகிறது. எங்கே சர்க்கரைச் செலவு அதிகமோ அவ்விடம் படத்தில் பளிச்சிடும்.

வாசகர்கள் அறிந்து மகிழத்தக்க செய்தி ஒன்றுண்டு. இம்மருந்து முதன்முதலாக மனிதருக்குச் செலுத்தப்பட்டது 1976ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில், அமெரிக்காவின் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில். அதனைச் செலுத்தியவர் ஈரான் நாட்டின் தப்ரீஸ் நகரில் பிறந்து, தெஹ்ரானில் மருத்துவம் பயின்ற அப்பாஸ் அலவி என்னும் மருத்துவர். புரூக்ஹேவன் ஆய்வுக்கூடத்தில் தயாரான மருந்து விமானத்தில் பிலடெல்பியாவுக்கு வந்தது. அது குறைந்துகொண்டே போகும் மருந்து ஆதலின், வந்தவுடன் இரண்டு தன்னார்வலருக்குச் செலுத்தி மூளையைப் படம் எடுத்தனர். பெட் கருவி அன்று அவர்கள் கையில் இல்லை. அதற்கு முந்திய கருவி ஒன்றினாலேயே அப்படம் எடுக்கப்பட்டது.

பெட் படத்தில் ஒரு குறை இருந்தது. ஒளி எங்கே என்பது தெரியும். அவ்விடம் எந்த உறுப்பின் எந்தப் பகுதி என்பது துல்லியமாகத் தெரியாது. வரைபடமின்றி விளக்கொளியை மட்டும் பார்ப்பது போன்ற நிலை. 1998ஆம் ஆண்டில் பெட், சி.டி. இரண்டையும் ஒரே கருவியில் இணைத்துச் சோதித்தனர். இன்று நாம் பெட் ஸ்கேன் என்று வழங்குவது பெரும்பாலும் இந்த இணைப்புக் கருவியையே.

இந்தியாவில்

நமது நாட்டின் முதல் அணு உலையான அப்ஸரா 1956ஆம் ஆண்டு ஆகஸ்டில் டிராம்பேயில் இயங்கத் தொடங்கியது. அதன் பின்னர் மருத்துவத்திற்கான கதிரியக்கப் பொருள்கள் உள்நாட்டிலேயே கிடைக்கலாயின. 1963ஆம் ஆண்டில் மும்பையில் கதிர் மருத்துவ மையம் தோன்றியது. அம்மையத்திலேயே 2002ஆம் ஆண்டில், மருந்தைத் தயாரிக்கும் சைக்ளோட்ரான் என்ற துகள் முடுக்கியுடன் நாட்டின் முதல் பெட் ஸ்கேன் கருவி நிறுவப்பட்டது. 2004ஆம் ஆண்டில் மும்பை டாடா நினைவு மருத்துவமனைக்குப் பெட்-சி.டி. கருவி வந்து சேர்ந்தது. அதன்பின் சென்னை, கோவை, மதுரை என்று தமிழகத்தின் பெருநகரங்களிலும் இக்கருவிகள் பரவின. ஒரு காலத்தில் மும்பைக்கு இரயில் ஏறியிருக்க வேண்டிய நோயாளி, இன்று அதிகாலையில் புறப்பட்டு மாலையில் வீடு திரும்ப முடிகிறது. இஃது இறைவன் அளித்த பெரும் வசதியாகும்.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். புளூரின்-18 மருந்தின் அரைவாழ்வுக் காலம் 110 நிமிடங்கள். அதாவது, விடியற்காலை 4 மணிக்கு 100 பங்கு வீரியத்துடன் இருந்த மருந்து 5.50க்கு 50 பங்காகவும், 7.40க்கு 25 பங்காகவும், 9.30க்கு பன்னிரண்டரைப் பங்காகவும் குறைந்துவிடும். எலுமிச்சை வணிகம் செய்வோருக்கு இதனை விளக்க வேண்டியதில்லை. பறித்த காய் வாடுமுன் சந்தைக்குப் போய்ச் சேர வேண்டும் என்பதை அவர்கள் நன்கறிவர். இம்மருந்தோ நாளில் அல்ல, நாழிகையில் வாடுவது. சைக்ளோட்ரான் இல்லாத ஊர்களுக்கு இது நாள்தோறும் வெளியூரிலிருந்து வண்டியில் வந்து சேருகிறது. ஆகவே உங்களுக்குக் குறித்த நேரத்திற்கு முன்பே மருத்துவமனையில் இருங்கள். ‘பஸ் தாமதம்’ என்று இரண்டு மணி நேரம் கழித்துச் சென்றால் உங்களுக்கென வைத்திருந்த மருந்தின் வீரியம் பாதிக்குக் கீழ் போயிருக்கும்.

புற்றுநோய்க்கு மட்டுமன்று

இத்தகைய சோதனைகள் யாவும் புற்றுநோயாளிகளுக்கே என்று எண்ணுவது தவறு. நமது இல்லங்களில் அடிக்கடி காணும் நோய்களைக் கொண்டே இதனை விளக்கலாம்.

குழந்தை பெற்ற சில மாதங்களில் ஒரு பெண்ணுக்குப் படபடப்பு, மெலிவு, கைநடுக்கம் காண்கின்றன. இரத்தச் சோதனையில் தைராய்டு சுரப்பு மிகுதி என்று வருகிறது. இதற்கு இரண்டு காரணங்கள் இருக்கலாம். சுரப்பி உண்மையிலேயே அளவுக்கு மீறி வேலை செய்யும் கிரேவ்ஸ் நோய் ஒன்று. சுரப்பி அழற்சியுற்று, முன்பே சேர்த்து வைத்திருந்த சுரப்பு கசிவது மற்றொன்று. முன்னதற்குச் சுரப்பைக் கட்டுப்படுத்தும் மருந்தை நீண்ட நாள் உட்கொள்ள வேண்டும். பின்னது பெரும்பாலும் தானே அடங்கும். அந்த மருந்து அதற்குத் தேவையே இல்லை. இரண்டிலும் சுரப்பு மிகுதி என்றே இரத்தம் சொல்லும். டெக்னீசியம் என்னும் கதிரியக்கப் பொருளைச் சிறிதளவு செலுத்திக் காமா காமிராவில் பார்த்தால், முதல் நோயில் சுரப்பி பிரகாசிக்கும்; இரண்டாவதில் மங்கிக் கிடக்கும். ஒரே படம் பல மாத வீண் மருந்தைத் தவிர்த்துவிடுகிறது. ஆனால் அப்பெண் பால் கொடுக்கும் தாயாயின், ஸ்கேனுக்கு முன்பே அதை மருத்துவரிடம் சொல்ல வேண்டும். டெக்னீசியத்திற்குச் சிறிது நேரம் பாலூட்டலை நிறுத்தினால் போதும்; கதிரியக்க அயோடின்-131 கொடுப்பதானால் அக்குழந்தைக்குப் பாலூட்டுவதையே நிறுத்திவிட வேண்டும்.

சிறு குழந்தைக்குச் சிறுநீரகம் வீங்கியிருப்பதாக வயிற்று ஸ்கேன் சொல்கிறது. உடனே அறுவை செய்வதா, பொறுத்துப் பார்ப்பதா? இடப்பக்கச் சிறுநீரகம் மொத்த வேலையில் எத்தனை விழுக்காடு செய்கிறது, சிறுநீர் தடையின்றி வடிகிறதா என்பவற்றை ரீனோகிராம் என்னும் ஸ்கேன் கணக்கிட்டுத் தருகிறது. மகனுக்குச் சிறுநீரகம் தானம் செய்ய முன்வரும் தாய்க்கும் இச்சோதனை உதவும். இரண்டில் எதைக் கொடுத்து எதைத் தமக்கென வைத்துக்கொள்வது என்பதை முடிவு செய்யும்போது மருத்துவர் அவ்விழுக்காட்டையும் கணக்கில் கொள்கிறார்.

நெஞ்சு வலியுடன் வளைகுடாவிலிருந்து திரும்பியவரின் இதயத்தில் எந்தப் பகுதிக்கு இரத்தம் போதவில்லை என்பதை, ஓய்விலும் உழைப்பிலும் எடுத்த இரு படங்களை ஒப்பிட்டு அறியலாம். மாரடைப்புக்குப் பின் அசைவற்றுப்போன இதயத் தசை இறந்துவிட்டதா, இரத்தக் குறைவால் உறங்கிக் கிடக்கிறதா என்பதைச் சர்க்கரை மருந்து காட்டிக் கொடுக்கும். உறங்கும் தசை சர்க்கரையை உண்ணும். இறந்த தசை உண்ணாது. உறங்கும் தசைக்கு இரத்த ஓட்டத்தை மீட்டுக் கொடுத்தால் அது மீண்டும் இயங்கும் வாய்ப்புண்டு.

இனி வலிப்பு நோயைப் பார்ப்போம். பேய் பிடித்தது, ஜின் தீண்டியது என்று தாயத்துக் கட்டியே ஆண்டுகளைக் கழிக்கும் குடும்பங்கள் நம்மிடையே இன்றும் உண்டு. பெண் பிள்ளையாயின் திருமணம் தடைப்படும் என்று அஞ்சி நோயையே மறைத்துவிடுகின்றனர். வலிப்பு மூளையின் மின்னோட்டக் கோளாறு. பெரும்பாலோருக்கு மாத்திரையே போதும். மாத்திரைக்கு அடங்காத சிலருக்கு, மூளையில் வலிப்பு கிளம்பும் இடத்தைக் கண்டு அறுவை செய்து நலம் காணலாம். வலிப்பு இல்லாத வேளையில் அவ்விடம் சுற்றுப்புறத்தைவிடக் குறைவாகச் சர்க்கரையைச் செலவிடுகிறது. பெட் படத்தில் அது நிழலாகத் தெரியும். மலைக்கு அந்தப்புறம் திருவனந்தபுரத்தில் உள்ள ஸ்ரீசித்திரைத் திருநாள் மருத்துவ நிறுவனத்தில் 1995ஆம் ஆண்டிலிருந்து வலிப்புக்கான அறுவை சிகிச்சை நடைபெற்று வருகிறது. அறுவைக்கு முன் பேச்சுக்குரிய பகுதி எது, கை அசைவுக்குரிய பகுதி எது என்று அறிய இயக்கமுறை எம்.ஆர்.ஐ. என்னும் வேறொரு சோதனையும் உண்டு. மூளையில் வேலை நடக்கும் இடத்திற்கு ஆக்ஸிஜன் நிறைந்த இரத்தம் விரைகிறது. அவ்விரத்தத்தின் காந்தத் தன்மை சற்றே மாறுபடுகிறது. இதனை 1990ஆம் ஆண்டில் ஜப்பானிய அறிஞர் செய்ஜி ஒகாவா படம் பிடித்துக் காட்டினார். இச்சோதனையில் கதிரியக்கமே இல்லை. இறைவனிடம் துஆச் செய்வதும் மருத்துவரிடம் செல்வதும் ஒன்றுக்கொன்று பகையானவை அல்ல. நோய்க்கு மருந்து தேடுமாறு நமது நாயகம் (ஸல்) அவர்களே பணித்திருக்கின்றார்கள்.

பளிச்சிடுவதெல்லாம் புற்றன்று

பெட் அறிக்கை கைக்கு வந்ததும் உறவினர்கள் படத்தில் ஒளிரும் புள்ளிகளை எண்ணத் தொடங்கிவிடுகின்றனர். ‘அங்கும் பரவிவிட்டது, இங்கும் பரவிவிட்டது’ என்று அழுகைக் குரல் எழுகிறது. பொறுங்கள்! மூளையும் சிறுநீர்ப்பையும் எல்லோருக்கும் ஒளிரும். மூளை சர்க்கரையை உண்பது. சிறுநீர்ப்பையோ மருந்து வெளியேறும் வழி. இதயமும் ஒளிரலாம். இவை நோயல்ல.

காசநோயும் புற்றைப் போலவே ஒளிரும். கிருமியுடன் போராடும் வெள்ளணுக்களும் சர்க்கரையை ஏராளமாகச் செலவிடுகின்றன. காசநோய் மிகுந்த நமது நாட்டில் இதனை மறத்தலாகாது. அண்மையில் அறுவை நடந்த இடமும், தடுப்பூசி போட்ட கையின் அக்குள் நெறிக்கட்டியும்கூட ஒளிரலாம். ஆகவே ஐயமுள்ள இடத்திலிருந்து சிறு துணுக்கு எடுத்து நுண்ணோக்கியில் பார்க்கும் ‘பயாப்ஸி’ சோதனையே முடிவானது. ‘ஊசி பட்டால் புற்று பரவிவிடும்’ என்ற வதந்திக்கு அஞ்சிப் பயாப்ஸியை மறுப்பவர்கள், காசநோய் மருந்தால் குணமாகக்கூடிய ஒருவரைப் புற்றுநோயாளி என்று எண்ணிக் கைவிட்டுவிடவும் கூடும்.

மாறாக, ஒளிராததெல்லாம் நலமும் அன்று. மெதுவாக வளரும் சில புற்றுகளும், ஆண்களுக்கு வரும் புராஸ்டேட் சுரப்பிப் புற்றும் சர்க்கரையை அவ்வளவாக நாடுவதில்லை. அவற்றுக்கு வேறு மருந்துகளைப் பயன்படுத்துகின்றனர். மிகச் சிறிய கட்டிகள் கருவியின் பார்வைக்குத் தப்பலாம்.

மற்றொரு தவறான எண்ணமும் பரவியுள்ளது. ‘புற்று சர்க்கரையை உண்கிறது, எனவே இனிப்பையும் சோற்றையும் நிறுத்திவிட்டால் புற்று பட்டினி கிடந்து மடியும்’ என்பர். நாம் உண்ணாவிட்டாலும் உடல் தன் தசையையும் கொழுப்பையும் கரைத்துக் குளுக்கோஸைத் தயாரித்துக்கொள்ளும். பட்டினியால் மெலிவது நோயாளியே. சிகிச்சையைத் தாங்கும் வலுவையும் இழந்துவிடுவார்.

நோயின் அறிகுறி ஏதுமில்லாதவர்கள் ‘எதற்கும் ஒருமுறை பார்த்துவிடுவோம்’ என்று இந்த ஸ்கேனை நாடுவதும் முறையன்று. பீடியையும் சிகரெட்டையும் புகையிலை மெல்லுவதையும் விட்டொழிப்பது எந்த ஸ்கேனையும்விட மேலான பாதுகாப்பு. அதற்குச் செலவும் இல்லை.

கதிரியக்கம் எவ்வளவு?

நாம் வாழும் மண்ணிலிருந்தும் வானிலிருந்தும் ஒவ்வொருவருக்கும் கதிர்வீச்சு வந்துகொண்டேதான் இருக்கிறது. உலகச் சராசரி ஆண்டுக்கு ஏறத்தாழ 2.4 மில்லி சீவர்ட். மார்பு எக்ஸ்ரே ஒன்றில் கிடைப்பது 0.1 மில்லி சீவர்ட்டுக்கும் குறைவு. எலும்பு ஸ்கேனில் ஏறத்தாழ 4, பெட்-சி.டி. ஸ்கேனில், உடன் எடுக்கும் சி.டி.யைப் பொறுத்து ஏறக்குறைய 8 முதல் 25 வரை. இது அற்பமும் அன்று. அஞ்சி ஓடவேண்டிய அளவும் அன்று. தேவையுள்ள நோயாளிக்கு நன்மை மிகுதி. தேவையில்லாதவருக்கு அதே அளவு வீண். குழந்தைகளுக்கு இன்னும் கவனம் வேண்டும். மருந்தின் எடையோ கடுகளவுகூட இல்லை. பெரும்பகுதி அன்றே சிதைந்தும் சிறுநீரில் கலந்தும் நீங்கிவிடும். மறுநாள் காலையில் ஏறத்தாழ ஒன்றும் மிஞ்சியிராது.

செல்வோர் கவனத்திற்கு

சர்க்கரை மருந்தால் எடுக்கும் பெட் ஸ்கேனுக்கு ஏறத்தாழ 6 மணி நேரம் எதுவும் உண்ணாதிருக்க வேண்டும். தண்ணீர் நிறையப் பருகலாம். நீரிழிவு உள்ளவர்கள் தமது மாத்திரை, இன்சுலின் விவரத்தை முன்கூட்டியே சொல்லி அறிவுரை பெற வேண்டும். இரத்தத்தில் சர்க்கரை மிகுந்திருந்தால் அது மருந்தோடு போட்டியிட்டுப் படத்தைக் கெடுத்துவிடும். முதல் நாள் கடின உழைப்பு கூடாது. ஊசி போட்ட பின் ஒரு மணி நேரம் அமைதியாகப் படுத்திருக்கச் சொல்வார்கள். அப்போது பேச்சும், எதையேனும் மெல்லுவதும் வேண்டாம். வேலை செய்த தசை படத்தில் ஒளிர்ந்து குழப்பத்தை உண்டாக்கும்.

ரமளானில் நாள் குறித்துவிட்டார்களே என்று கலங்க வேண்டியதில்லை. நோயாளி நோன்பை வேறு நாட்களில் நோற்றுக்கொள்ள மார்க்கமே சலுகை வழங்கியுள்ளது. நோன்புக்காகச் சிகிச்சையின் முடிவைத் தள்ளிப்போடுவது நோயாளிக்குச் செய்யும் தீங்காகிவிடக்கூடும். ஐயமிருப்பின் ஆலிம்களிடம் கேட்டுத் தெளிக.

கருவுற்றிருக்கும் ஐயம் இருப்பினும் பெண்கள் கூச்சமின்றிச் சொல்லிவிட வேண்டும். ஸ்கேனுக்காகப் பெண் ஊழியரை வேண்டலாம். உலோக ஊக்குகளையும் நகைகளையும் வீட்டிலேயே கழற்றி வைத்துச் செல்வது நல்லது. வீடு திரும்பிய அன்று சில மணி நேரம் கைக்குழந்தைகளையும் கர்ப்பிணிகளையும் நெருங்காதிருங்கள். எத்தனை மணி நேரம் என்பதை மருத்துவமனையிலேயே கேட்டறிக. அரசுக் காப்பீட்டுத் திட்டத்தில் உங்கள் ஸ்கேன் அடங்குமா என்பதையும் பணம் கட்டுமுன் விசாரியுங்கள். பழைய அறிக்கைகளையும் படங்களையும் ஒரு பையில் போட்டுக் கொண்டு செல்லுங்கள். முந்தைய படத்தோடு ஒப்பிடும்போதுதான் நோய் குறைந்ததா, கூடியதா என்பது தெரியவரும்.

யாருக்கு மறைப்பது?

கடைசியாக ஒரு செய்தி. அறிக்கை வந்தவுடன் நமது குடும்பங்களில் நடப்பது என்ன? மூத்த மகன் வாங்கிப் படிக்கிறார். மாமன், மைத்துனர், சம்பந்தி என்று சுற்றத்தார் அனைவருக்கும் செய்தி போகிறது. ஊரில் பாதிப் பேருக்குத் தெரிந்துவிடுகிறது. அறியாதவர் ஒருவரே, அவர்தான் நோயாளி! ‘வாப்பாவுக்குத் தெரிந்தால் மனம் உடைந்துவிடும்’, ‘உம்மாவிடம் சொல்லிவிடாதீர்கள்’ என்று மருத்துவரையும் கேட்டுக்கொள்கிறோம். அன்பினால்தான் செய்கிறோம் என்பதில் ஐயமில்லை. ஆனால் இந்த அன்பு அவரிடமிருந்து எதையெல்லாம் பறிக்கிறது என்பதைச் சற்றே எண்ணிப் பாருங்கள்.

கொடுக்கல் வாங்கலை அவர் தீர்க்க விரும்பலாம். வஸிய்யத் எழுதி வைக்க விரும்பலாம். பல்லாண்டுகளாகப் பேசாதிருக்கும் தம்பியை அழைத்து மன்னிப்புக் கேட்க விரும்பலாம். உடல் வலுவுள்ளபோதே உம்ராவுக்குச் செல்ல நினைக்கலாம். கடும் சிகிச்சையை ஏற்பதா, வேண்டாமா என்று தீர்மானிக்கும் உரிமையும் அவருடையதே. நோயை அறியாதவர் இவற்றில் எதனைச் செய்வார்? மேலும், மூடிய கதவுக்கு வெளியே கிசுகிசுக்கும் குரல்களும், திடீரென்று எல்லோரும் காட்டும் பரிவும் அவருக்குச் செய்தியைச் சொல்லாமல் சொல்லிவிடுகின்றன. அவரும் தெரியாதவர்போல் நடிக்கிறார், நாமும் நடிக்கிறோம்.

எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கொட்டிவிட வேண்டும் என்பதில்லை. அவர் எவ்வளவு அறிய விரும்புகிறார் என்பதைக் கேட்டு, மருத்துவரையும் உடன் வைத்துக்கொண்டு, மெல்ல மெல்லச் சொல்லலாம். ‘எனக்கு ஒன்றும் சொல்ல வேண்டாம், நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்’ என்று அவரே கூறிவிட்டால் அதனையும் மதிக்கலாம். ஆனால் அவரைக் கேட்காமலே அம்முடிவை நாம் எடுத்தல் முறையாகாது.

அருமை வாசகர்களே! உயிரணு ஒன்று விழுங்கும் சர்க்கரையைக்கூடக் கணக்கிட்டுக் காட்டும் அறிவை அல்லாஹ் மனிதனுக்கு வழங்கியிருக்கின்றான். அந்த அறிவின் பயன் முதலில் சேர வேண்டியவர் ஸ்கேன் மேடையில் படுத்தவரே. உங்கள் இல்லத்தில் இத்தகைய சோதனை ஒன்று வருமாயின், அச்சத்தை விடுத்து, ஐயங்களைத் தாளில் எழுதிக்கொண்டு மருத்துவரிடம் கேளுங்கள். கேட்டறிந்ததை நோயாளியிடம் கனிவோடு சொல்லுங்கள். எல்லா நோயாளிகளுக்கும் வல்ல இறைவன் பூரண சுகத்தை அருள்வானாக! ஆமீன்.